என் இங்கிலீஷே சுமார்தான், ஜூனியர்களின் அசைன்மென்ட்டுக்கு நான் உதவலாமா?

கேள்வி கேட்டவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, டிப்ளோமா இரண்டாம் ஆண்டு. சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் சீனியர்கள் நாலு பேர் உட்கார்ந்து, காலேஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அசைன்மென்ட், ரிப்போர்ட் எழுத உதவலாம் என்று இளைஞர் மன்றத்தில் பேசியிருக்கிறார்கள். இவருக்கு மூன்று சந்தேகம். என் இங்கிலீஷே சுமார், நான் போய் உதவலாமா? இப்படி உதவினால் அது ஏமாற்று வேலை ஆகிவிடுமா? எப்படித் தொடங்குவது? கேள்வியை இரண்டாவது தடவை படித்தபோது எனக்குப் பட்டது, மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: உதவுவது என்றால் தப்பைத் திருத்திக் கொடுப்பது. அதுதான் வேலை என்றால் அவர் பயப்படுவது நியாயம், இங்கிலீஷ் சுமாரானவர் அதைச் செய்யவும் முடியாது, செய்தால் அது ஏமாற்று வேலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். அதனால் முதலில் அந்த எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவோம்.

நான் ஈப்போ வட்டாரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பல வருஷம் ஆங்கிலமும் கம்யூனிகேஷன் பாடமும் எடுத்தவன். அங்கே மாணவர்களை வைத்தே எழுத்து உதவி மேசை ஒன்று நடத்தினோம், அந்த மாணவர்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. ஆகவே டிப்ளோமா, டிகிரி மட்டத்து எழுத்தைப் பற்றித் தைரியமாகச் சொல்வேன். மாஸ்டர்ஸ் தீசிஸ் அதற்கு மேல் உள்ளதெல்லாம் என் எல்லைக்கு வெளியே, அவற்றை உங்கள் மண்டபத்து மேசைக்கும் கொண்டுவராதீர்கள்.

மாணவருக்கு மாணவர் உதவுவது வாத்தியார் கிடைக்காத ஊரில் செய்கிற மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். 1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த ஏழைப் பிள்ளைகள், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர்களுக்காகப் பட்டமேற்படிப்பு மாணவர்களையும் மற்றத் தொழில்முறை ஆட்களையும் வைத்து உதவி ஏற்பாடு செய்தால் பிள்ளைகள் வரவில்லை. அதே பல்கலைக்கழகத்துப் புரூக்லின் கல்லூரியில் இருந்த கென்னத் புரூஃபி இதைப் பற்றி 1984-ல் எழுதினார்: கொடுக்கிற உதவி வகுப்பறையின் நீட்சி மாதிரியே இருந்ததால்தான் பிள்ளைகள் ஒதுங்கினார்கள், உதவுகிற ஆளை மாற்றிச் சக மாணவர்களை உட்கார வைத்ததும் வந்தார்கள் என்று. நம் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. லெக்சரர் அறைக் கதவைத் தட்ட மாட்டான், கேட்டால் "புரிஞ்சுச்சு சார்" என்பான், வெளியே வந்து பக்கத்து சீட் பையனிடம் "என்னடா சொன்னாரு?" என்று கேட்பான். அந்தப் பக்கத்து சீட் பையனைக் கொஞ்சம் பழக்கி வைப்பதுதான் இந்த ஏற்பாடு.

சரி, அந்த ஆள் என்ன செய்ய வேண்டும்? எழுதியதைப் படிக்கிற முதல் வாசகராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். சிவில் படிக்கிற பையன் ஒருவன் தொழிற்பயிற்சி ரிப்போர்ட்டோடு வந்தான். உதவ உட்கார்ந்தது கணக்கியல் படிக்கிற பெண், காங்கிரீட் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் எழுதியிருந்தது ஸ்லம்ப் டெஸ்ட், அதாவது ஈரக் காங்கிரீட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனை, செய்யும் முறை: 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்காக நிரப்ப வேண்டும், ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 தடவை குத்த வேண்டும். எல்லாம் சரி, கையேட்டில் இருப்பது அப்படியே. அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, "சைட்ல நீ என்னடா பார்த்தே?" என்று தமிழில் கேட்டாள். "அன்னிக்கு ஒரு லோரி காங்கிரீட் தண்ணியா இருந்துச்சுக்கா. கூம்பைத் தூக்கினதும் அப்படியே சரிஞ்சு பரவிடுச்சு. சூப்பர்வைசர் லோரியைத் திருப்பி அனுப்பிட்டாரு." "ஏன் அனுப்பினாரு?" "தண்ணி கூடினா காய்ஞ்ச பிறகு பலம் இருக்காதுக்கா, அது தூணுக்குப் போற காங்கிரீட்." "இதெல்லாம் ரிப்போர்ட்ல எங்க இருக்கு?" தாளைத் திருப்பிப் பார்த்தான். எங்கேயும் இல்லை. அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வெற்றுத் தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "இப்ப சொன்னதை எழுது, தமிழும் மலாயும் கலந்து வந்தாலும் பரவாயில்லை" என்றாள். பத்து நிமிஷத்தில் அரைப் பக்கம் வந்துவிட்டது. இங்கிலீஷ் ஓட்டைதான், ஆனால் கையேட்டில் இல்லாத, அவன் மட்டும் எழுதக்கூடிய அரைப் பக்கம்.

இதில் அந்தப் பெண்ணின் இங்கிலீஷ் எங்கே தேவைப்பட்டது? சொல்லப்போனால் காங்கிரீட் தெரியாததுதான் அவளுக்கு உதவியது, தெரிந்திருந்தால் "ஏன்" என்று கேட்டிருக்க மாட்டாள். அதனால் உங்கள் முதல் சந்தேகத்துக்கு என் பதில், தாராளமாக உதவலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது. "இந்த வாக்கியம் சரியா தப்பா எனக்கும் சந்தேகம்தான், அகராதியில பார்ப்போம்" என்று சொல்கிற சீனியரை ஜூனியர்கள் யாரும் மட்டமாக நினைப்பதில்லை, அவனுக்கும் அகராதியைத் திறக்கிற பழக்கம் வருகிறது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு மொழி விஷயம் கொஞ்சம் சிக்கலானது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி. அதன் பிறகு ஐந்து வருஷம் இடைநிலைப் பள்ளியில் மலாய். அப்புறம் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்துக்குப் போனால் ஆங்கிலம், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனால் பெரும்பாலும் மறுபடியும் மலாய். ஒவ்வொரு படியிலும் முந்தைய மொழியை வாசலில் விட்டுவிட்டு வா என்கிற மாதிரி ஒரு பேச்சு. யோசிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் தமிழைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டால் எழுத்து தெளிவாகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். காலேஜ் மேசையில் எல்லா இனப் பிள்ளைகளும் வருவதால் இதைச் செய்வது கஷ்டம், உங்கள் மண்டபத்தில் எல்லோரும் தமிழ்தான். இந்த வசதியை விட்டுவிட்டு, "இங்கிலீஷ்லதான் பேசணும்" என்று போர்டு மாட்டிவிடாதீர்கள்.

உட்கார்ந்ததும் எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் கேள்வித்தாள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மலாயில் "பிஞ்சாங்கான்" (விவாதி) என்று கேட்டிருப்பார்கள், இவன் "ஹுராய்கான்" (விவரி) என்று நினைத்துக்கொண்டு விவரித்தே பக்கத்தை நிரப்பியிருப்பான், ஆய்ந்து ஒரு பக்கம் சாய்வதே இருக்காது. புள்ளி கொடுக்கிற அட்டவணை கொடுத்திருந்தால் அதையும் மேசையில் விரித்து வையுங்கள், பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்து, இவன் சொல்ல வருவது என்ன, அதற்கு ஆதாரம் எங்கே, பத்திகள் எந்த வரிசையில் வருகின்றன. இலக்கணமும் எழுத்துப் பிழையும் கடைசி, ஏனென்றால் நாளைக்கு வெட்டி எறியப் போகும் பத்தியில் இன்றைக்குக் கமா திருத்துவது வீண் வேலை. வெட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது, ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் மலாய் கட்டுரைக்கு மனப்பாடம் செய்த "பாடா எரா குளோபலிசாசி இனி" (இந்த உலகமயமாக்கல் காலத்தில்) முன்னுரை காலேஜ் அசைன்மென்ட் வரைக்கும் கூடவே வந்து நிற்கும், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை பற்றிய ரிப்போர்ட்டுக்கும் உலகமயமாக்கல்தான் தொடக்கம். அந்த முதல் பத்தியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள், ஏதாவது குறைகிறதா என்று அவனையே கேளுங்கள்.

இலக்கணத்துக்கு வரும்போது ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழை போதும். மீனா ஷாக்னஸி என்பவர் நியூயார்க்கில் நான் முன்னே சொன்ன அதே காலத்துப் பிள்ளைகளின் ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் படித்து, பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் எழுதியவனிடம் ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977-ல் காட்டினார். நம்மவர்களிடமும் அப்படித்தான். ஐந்து வருஷம் மலாயில் எழுதிய கை அது. மலாயில் வினைச்சொல் காலத்துக்கு உருமாறாது, நேற்றா நாளையா என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லிவிடும். அதனால் போன வருஷம் முடிந்த பயிற்சியையும் ஆங்கிலத்தில் நிகழ்காலத்திலேயே எழுதுவான். இதற்கு விதி சொல்லிப் பிரயோஜனம் இல்லை, "இதைத் தமிழ்ல சொல்லு, செஞ்சேனா செய்றேனா?" என்று கேளுங்கள், தமிழில் காலம் தப்பாது, அவனே திருத்திக்கொள்வான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'the', 'a' போடுகிற விஷயத்துக்குத் தமிழும் உதவாது, மலாயும் உதவாது, ரொம்ப நாள் ஆகும், அதில் நேரத்தைக் கொட்டாதீர்கள்.

இப்போது உறுதியில்லாத விஷயங்கள். பிழையைச் சுட்டிக் காட்டினால் எழுத்து நிரந்தரமாகத் தேறுமா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே சண்டை. 1996-ல் ஜான் டிரஸ்கட், இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணத் திருத்தம் பலன் தராது, விட்டுவிடுங்கள் என்று எழுதினார். 1999-ல் டேனா ஃபெரிஸ், அவ்வளவு அவசரப்பட வேண்டாம், கவனமாகத் தேர்ந்து திருத்தினால் பலன் உண்டு என்று பதில் எழுதினார். வாதம் இன்னும் முடிந்தபாடில்லை. எனக்கு ஃபெரிஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு, ஆனால் சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் கோடு போடுவது வீண் என்பதில் டிரஸ்கட் சொன்னது சரி. இன்னொன்று, "எதையும் நேரடியாகச் சொல்லாதே, கேள்வி மட்டும் கேள்" என்று அமெரிக்க எழுத்து மையங்களில் ஒரு கொள்கை ரொம்ப நாள் ஓடியது. அது அந்த மொழியிலேயே வளர்ந்த பிள்ளைக்குச் சரி, இரண்டாம் மொழியில் எழுதுகிறவனுக்குச் சிலவற்றை நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஜூடித் பவர்ஸ் 1993-லேயே எழுதினார். என் பழக்கமும் இதுதான்: கருத்து அவனுடையது, அதில் கேள்வி மட்டும், மேற்கோள் எப்படிப் போடுவது, ரிப்போர்ட்டில் எந்தப் பகுதி எங்கே வர வேண்டும் மாதிரியான வழக்கங்களை நேராகச் சொல்லிவிடலாம். தெரியாதவனிடம் "நீ என்ன நினைக்கிற?" என்று பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டிருப்பது அவனை அலைக்கழிப்பதுதான். இப்படி உதவி வாங்குகிறவர்களின் புள்ளி ஏறுகிறதா என்று மன்றத்துப் பெரியவர்கள் கேட்பார்கள். ஏறும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தேடி வருகிறவன் எப்படியும் முயற்சி பண்ணுகிறவன், ஏறினால் அது உங்கள் மேசையாலா அவன் முயற்சியாலா என்று பிரித்துச் சொல்வது லேசில்லை. உதவுகிற உங்களுக்கு நன்மை உண்டு என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். 2009-ல் லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் இருவரும் இரண்டாம் மொழி மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவு மற்றவர் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்லவும் இன்னொரு பிரிவு கருத்தை வாங்கித் தன் எழுத்தைத் திருத்தவும் பழகச் சொன்னார்கள். சொல்லப் பழகியவர்களின் சொந்த எழுத்துதான் கூடுதலாகத் தேறியது, அதிலும் மொழி மட்டம் குறைந்தவர்களிடம் இது நன்றாகத் தெரிந்தது. உங்கள் இங்கிலீஷ் சுமார் என்றீர்களே, உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம்தான்.

ஏமாற்று வேலை ஆகுமா? கோடு எங்கே என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: பேனாவும் கீபோர்டும் எழுதியவன் கையை விட்டு வரக் கூடாது. நீங்கள் ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுத்தால், அது நல்ல வாக்கியமாக இருந்தாலும், தாண்டிவிட்டீர்கள். இதில் பெரிய ஆபத்து வாட்ஸ்அப். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஃபைல் வரும், "அக்கா கொஞ்சம் பாத்துக் கொடுங்க, நாளைக்கு அனுப்பணும்". அதைத் திறந்தீர்கள் என்றால் திருத்துகிற ஆளாகிவிட்டீர்கள், அடுத்த வாரம் ஐந்து ஃபைல் வரும். ஆள் இல்லாமல் ஃபைல் வாங்குவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹாஸ்டலில் இருக்கிறவன் வீடியோ அழைப்பில் வரட்டும், அவன் படிக்க நீங்கள் கேளுங்கள். காசுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கிறவர்கள் ஃபேஸ்புக் முழுக்க இருக்கிறார்கள், உங்கள் மேசையை யாரும் அதோடு சேர்த்துப் பேசாமல் இருக்க இந்த ஒரு விதி போதும்.

எழுத்துத் திருட்டைப் பார்க்கக் காலேஜ்கள் வைத்திருக்கும் டர்னிட்டின் மென்பொருள், ஏ.ஐ. பற்றியும் கேட்பார்கள். டர்னிட்டின் காட்டும் சதவீதம் வேறு எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, அவ்வளவுதான். மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் கணக்கில் வரலாம், அதே சமயம் குறைந்த எண் வந்துவிட்டதால் திருடவில்லை என்றும் ஆகாது. ஏ.ஐ. கண்டுபிடிக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. 2023-ல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன, ஆனால் எளிய சொற்களில் எழுதுகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும் அபாயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் உங்களிடம் வருகிறவர்களை ஒவ்வொரு வரைவையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், கூகுள் டாக்ஸில் எழுதினால் மாற்றங்களின் வரலாறு தானாகவே நிற்கும், யாராவது கேட்டால் காட்டலாம். ஏ.ஐ.-யை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது பாடத்துக்குப் பாடம் வேறு, அதை லெக்சரரிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சின்ன ஊரில் இதுதான் முக்கியம் என்பேன். தாதிமை, பாலர் கல்வி, கவுன்சலிங் படிக்கிறவர்களுக்கு அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதுகிற அசைன்மென்ட் வரும். அதில் அப்பாவின் குடி வரும், வீட்டுச் சண்டை வரும், ஆள் சொந்தமாக எழுதினால் சொந்த விஷயம்தானே வரும். அதைப் படிக்கிற நீங்கள் அவள் அம்மாவோடு வெள்ளிக்கிழமை கோவிலில் பூ கட்டுகிற ஆளாக இருப்பீர்கள். மேசையில் படித்தது வெளியே போனது என்று ஒரு தடவை பேச்சு வந்தால் போதும், பெண் பிள்ளைகள் வருவது நின்றுவிடும், அதை எந்தக் கூட்டம் போட்டும் சரி செய்ய முடியாது. தனக்குத் தெரிந்த குடும்பம் என்றால் இன்னொரு சீனியரிடம் மாற்றிக்கொள்ளும் உரிமை வருகிறவருக்கு இருக்கட்டும், காரணம் கேட்கக் கூடாது. எழுத்தில் ஆளுக்கே ஆபத்து என்று தோன்றுகிற மாதிரி ஏதாவது வந்தால் அது எழுத்து உதவிக்கு அப்பாற்பட்டது, காலேஜ் கவுன்சலரிடம் கூடவே போய் விடுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் ஜூனியர்களைக் கூப்பிடாமல் நீங்கள் நாலு பேரும் உங்கள் சொந்த அசைன்மென்ட்டை மாற்றி மாற்றி வைத்துப் பழகுங்கள். படிக்கக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கூச்சமான வேலை என்று அப்போதுதான் தெரியும். ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் களைத்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு வைத்தால் உள் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம். மண்டபத்தில் கல்யாணம் இருக்கிற சனிக்கிழமைக்குத் தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றை இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் போக எழுதுகிற மூயட் ஆங்கிலத் தேர்வுக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று ஆறாம் படிவப் பிள்ளைகளின் அம்மாக்கள் கட்டாயம் வருவார்கள். அதை இதோடு கலக்காதீர்கள், அதன் எழுத்துத் தாள் 75 நிமிஷத்தில் குறைந்தது 100 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றும் எழுதி முடிக்க வேண்டிய தேர்வு, அதற்கு வேண்டியது கடிகாரம் வைத்த பயிற்சி, வேறு ஒரு நாள், முடிந்தால் வேறு ஆள். சான்றிதழ், டீ-சட்டை, திறப்பு விழா எல்லாம் மன்றத்துக்காரர்கள் ஆசைப்படுவார்கள், ஒரு செமஸ்டர் ஓடட்டும் என்று சொல்லி வையுங்கள்.